நல்ல முட்டிக்கு மாட்டிய உறை

பெண்கள் கூடைப்பந்து நடக்கிற எந்த அரங்குக்குப் போய் விசாரித்தாலும் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'ஷூக்கடை' என்றால் தெரியும். கல்லூரி அணிக்கு ஆள் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பள்ளிக்கூடங்களுக்கு இடையே போட்டி நடக்கும் காலத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கடைசி வருஷம் படிக்கிற பெண்களில் யார் தேறுவாள், யார் தேறமாட்டாள் என்று பார்த்துவந்து தன் தலைமைப் பயிற்சியாளரிடம் சொல்வாள். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். இவள் ஆட்டம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஷூ வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று எவனோ கேலி செய்ய, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

"பந்து கூடைக்குள்ள விழுந்ததான்னு ஸ்கோர்போர்டே சொல்லிடும். அதுக்கு நான் எதுக்கு?" என்பாள் அவள்.

ஷூக்கடைக்கு ஒரு மனுஷன் மேல் கோபம் இருந்தது. இருந்தது என்றால் சாதாரணமாக இல்லை, வாழ்க்கையில் பாதிக்கு மேல் இருந்தது. ஒருத்தன் மேல் அவ்வளவு காலம் கோபத்தை வைத்திருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: தாராளமாக முடியும். பராமரிப்பு வேண்டும், அவ்வளவுதான். வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் அவள் அந்தக் கோபத்துக்கு மறந்ததில்லை. அவள் வீடு அடுக்குமாடியின் உச்சியில் இருந்தது. லிஃப்ட் இருந்தது. ஆனால் அவள் ஒருநாளும் அதில் ஏறியதில்லை. காய்கறிப் பையும் கையுமாக, இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் ஏறுவாள்.

அவள் புருஷன் டயர் கடை வைத்திருந்தவன். வாய்க்கொழுப்புக்காரன், ஆனால் நல்லவன். "நீ இப்படி மூச்சு வாங்க ஏறி வர்றது அந்த மாஸ்டருக்குத் தெரியவா போகுது?" என்று கேட்பான்.

"எனக்குத் தெரியுமே," என்பாள்.

மாஸ்டர் என்றது அவளுடைய பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மாஸ்டரை. கழுத்தில் விசில் இல்லாமல் அந்த ஆளை யாரும் பார்த்திருக்க முடியாது. பேசுவதைவிட ஊதுவது அதிகம். அவரிடம்தான் இவள் ஆடக் கற்றாள், அதை இவள் மறுத்ததில்லை. அப்போது இவள் ஓட்டடைக்குச்சி மாதிரி உயரம். எம்பினால் பந்து கைக்குத் தானாக வரும். கல்லூரியிலிருந்து ஆள் பார்க்க வரப்போகிறார்கள் என்று தெரிந்த வாரத்தில் மாஸ்டர் ஒரு காகிதப் பையை நீட்டினார். உள்ளே புத்தம் புதிய முட்டி உறை, ஆட்டக்காரர்கள் நீ-கேப் என்பார்களே, அது.

"போட்டுக்கோம்மா. பெரிய ஆட்டம். முட்டிக்குப் பாதுகாப்பா இருக்கும்."

இவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டர் யாருக்கும் ஒரு மிட்டாய்கூட வாங்கிக் கொடுத்தவர் இல்லை. வீட்டில் ஒவ்வொருவரிடமும் காட்டினாள். முட்டியில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். அந்த ஆட்டத்தில் அவள் மாதிரி யாரும் ஆடவில்லை. ஆனால் கல்லூரி எடுத்தது மாஸ்டருடைய தங்கை பெண்ணை.

நமக்கு அவ்வளவுதான் திறமை போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். பாருங்கள், எவ்வளவு பெரிய பாவம் அது! வருஷக்கணக்காக அப்படியே நினைத்துக்கொண்டாள். கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிற வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் அணிக்கு ஆடினாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் முடிந்ததும் ஒரு வயதான மனிதர் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அன்று கல்லூரியிலிருந்து ஆள் பார்க்க வந்தவர் அவர்தான்.

"நீ இன்னும் ஆடறியா? உனக்கு முட்டி போச்சுன்னாரே உங்க மாஸ்டர்! உறைகூடப் போட்டிருந்தியே, நான் என் கண்ணால பார்த்தேனே!"

அன்றைக்குப் பிறந்தது அந்தக் கோபம். திறமை போதாது என்று ஒதுக்கியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். பரிசு மாதிரி கொடுத்து, அதையே சாட்சியாகக் காட்டிக் கழுத்தை அறுத்திருக்கிறான் பாவி. வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியைக் குடைந்து அந்த உறையைத் தேடி எடுத்தாள். அன்று முதல் அது அவள் பையில்தான் இருக்கிறது. எதற்கு என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் தேவைப்படும் என்று மட்டும் தெரியும். முட்டி போகவில்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள அவள் படி ஏறத் தொடங்கியதும் அன்றுதான். பிறகு அவள் கூரியர் வேலையை விட்டு, அதே கல்லூரி அணியில் எடுபிடியாகச் சேர்ந்து, மேலே வந்து, ஆள் பார்க்கிறவளாகவே ஆனாள்.

இந்த வருஷம் அணியில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும் இடம். தலைமைப் பயிற்சியாளரைப் பெரிய மேடம் என்பார்கள். அவர் இவளைக் கூப்பிட்டார்.

"ஒரு பொண்ணு இருக்காளாம். அப்பாவே கோச். போய்ப் பார்த்துட்டு எனக்கு போன் பண்ணு." பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். கோச் பெயரையும் சொன்னார்.

அதே மாஸ்டர். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனுக்குப் பிந்திப் பிறந்த ஒரே மகள்! அவன் மகளுடைய வாழ்க்கை தன் ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது என்று நினைத்ததும் அன்று சாப்பாடு ருசியாக இறங்கியது. என்ன வாக்கியம் என்பதைக்கூட முடிவு செய்துவிட்டாள். 'முட்டி போச்சு மேடம்.' பெண்ணின் முட்டி எஃகாக இருந்தாலும் சரி, அதுதான் வாக்கியம்.

"பொண்ணு என்ன செஞ்சா பாவம்?" என்றான் புருஷன்.

"நான் என்ன செஞ்சேன் அப்போ?"



தகரக் கூரை போட்ட உள்ளரங்கம் அது. ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர்களுக்கு சிமென்ட் படிகள். ஷூக்கடை ஆட்டத்துக்கு வெகுநேரம் முன்பே போய் அடிப்படியில் மூலையாக உட்கார்ந்தாள். அது அவள் வழக்கம். ஆட்டக்காரிகள் ஆடும்போது நடிப்பார்கள், வரும்போது நடிக்கமாட்டார்கள். மாஸ்டர் அங்கும் இங்கும் ஊதிக்கொண்டு திரிந்தார். தலை நரைத்து, தொப்பை இறங்கியிருந்தது. விசில் மட்டும் அதே இடத்தில் கிடந்தது. இவளைத் தாண்டி இரண்டு தடவை போனார், திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஓட்டடைக்குச்சி இப்போது கண்ணாடி போட்டு, உடம்பு போட்டு, வேறு ஆளாகியிருந்தது.

பெண்கள் மேல் வாசல் வழியாக வந்து படிகளில் இறங்கினார்கள். மாஸ்டர் மகளை யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. அப்பனின் தாடை, அப்பனின் நடை. வலது முட்டியில் கறுப்பு உறை. ஷூக்கடைக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தாயா, குடும்பச் சொத்து!

அப்புறம்தான் கவனித்தாள். மற்றப் பெண்கள் தடதடவென்று இறங்கினார்கள். இவள் மட்டும் ஒவ்வொரு படிக்கும் இடது காலை முதலில் இறக்கி, வலது காலைப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். மறுபடி இடது, பக்கத்தில் வலது. எந்த முட்டி உடம்பின் பாரத்தை வாங்கி மடங்க மறுக்கிறதோ, அந்தக் கால்தான் முதலில் இறங்கும். உறை போட்ட கால் மேலே நின்று முழுப் பாரத்தையும் சுகமாகத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஷூக்கடை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆட்டம் தொடங்கியது. சொல்லத்தான் வேண்டும், பெண் அற்புதமாக ஆடினாள். பந்து அவளிடம் வருமுன்பே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்திருந்தாள். கூடைக்கு ஓடும்போது மட்டும், வலக்கைக்காரி இடது காலில் எம்பவேண்டிய இடத்தில், வலது காலில் எம்பினாள். வலது காலிலேயே வந்து இறங்கினாள். படிகளில் இருந்தவர்கள் "என்ன ஸ்டைல்!" என்று கைதட்டினார்கள். மாஸ்டர் தன் சொந்தக் கண்டுபிடிப்பு மாதிரி மார்பை நிமிர்த்தினார். ஷூக்கடைக்கு மட்டும் புரிந்துபோயிற்று. கெட்டுப்போன முட்டி இடது. உறை மாட்டியிருப்பது நல்ல முட்டியில். ஆள் பார்க்க வருகிறவர்கள் உறையைத்தான் பார்ப்பார்கள், அதைத்தான் அமுக்குவார்கள், அது இரும்பு மாதிரி இருக்கும், திருப்தியாகிப் போய்விடுவார்கள்.

அன்று நல்ல முட்டியைக் கெட்டது என்று காட்ட ஒரு உறை. இன்று கெட்ட முட்டியை நல்லது என்று காட்ட ஒரு உறை. ஆள் திருந்தவே இல்லை, சாமர்த்தியம் மட்டும் கூடியிருக்கிறது. பொய் சொல்லி வாங்க நினைத்த பழியை இப்போது உண்மையைச் சொல்லியே வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடம் ஜெயித்தது. மாஸ்டர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தலைமை ஆசிரியை, நான்கைந்து பெற்றோர்கள்.

"காலேஜ்லேர்ந்து வந்திருக்கீங்களா மேடம்? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல நாற்காலியா போட்டிருப்பேனே! எப்படி நம்ம பொண்ணு?"

"நல்லா ஆடறா. முட்டியில என்ன?"

"போன வருஷம் லேசா ஒரு பிடிப்பு. இப்ப ஒண்ணுமே இல்ல. சும்மா ஒரு பாதுகாப்புக்கு. அமுக்கிப் பாருங்களேன்!"

ஷூக்கடை அமுக்கிப் பார்த்தாள். இரும்புதான். மாஸ்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"இடது கால்?" என்றாள்.

"அதுக்கென்ன மேடம்? அதுல உறையே இல்லையே."

"அதனாலதான் கேக்கறேன்." பெண்ணைப் பார்த்துத் திரும்பினாள். "மூணாவது படியில ஏறி நின்னு, தரைக்குக் குதிம்மா. இடது கால்ல மட்டும் வந்து நிக்கணும்."

பெண்ணின் முகத்தில் ரத்தம் வற்றியது. "மாஸ்டர்?" என்றாள். அரங்குக்குள் அப்பா என்று கூப்பிடக் கூடாதாம், அது அந்த வீட்டுச் சட்டம்.

"மேட்ச் ஆடிக் களைச்சுப் போயிருக்கா மேடம்," என்று மாஸ்டர் சிரித்தார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாமே."

"ஒரு குதிதானே மாஸ்டர்? அதுக்குன்னு நான் இன்னொரு தடவை வர முடியுமா?"

"அவங்க சொல்றாங்க இல்ல, குதிச்சுக் காட்டிடும்மா," என்றார் தலைமை ஆசிரியை, விவரம் தெரியாமல்.

பெண் ஏறினாள். ஏறும்போது வலது காலை முன்வைத்து ஏறினாள். மூன்றாவது படியில் திரும்பி நின்றாள். மாஸ்டர் விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் வாயைத் திறந்தால் பொய் சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால் மகளின் கால் போகும். எந்தப் பக்கமும் வழி இல்லாத சந்துக்குள் ஆளைத் தள்ளிவிட்டதில் ஷூக்கடைக்கு உடம்பெல்லாம் இனித்தது. இதற்காகத்தானே இத்தனை காலம் படி ஏறினோம் என்று தோன்றியது.

"அப்பா?" என்றாள் பெண்.

அவர் நிமிரவில்லை.

"குதி," என்றாள் ஷூக்கடை.

பெண் கண்ணை மூடிக்கொண்டு முட்டியை மடக்கினாள்.

"வேண்டாம்!" மாஸ்டரின் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. "வேண்டாம்டா கண்ணு! மேடம், அவளுக்கு முட்டி போச்சு! இடது முட்டி போச்சு!"

பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை ஆசிரியை, "என்ன மாஸ்டர் இது? அந்தக் காலோடவா இவளை ஆடவிட்டீங்க?" என்று கேட்டார். 'முட்டி போச்சு.' அதே வாக்கியம், அதே வாய், ஆனால் இந்தத் தடவை சொந்த மகளைப் பற்றி. ஷூக்கடை அதை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். பிறகு பையைத் திறந்து, வெளுத்து நைந்துபோன அந்த உறையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க வாங்கிக் குடுத்ததுதான் மாஸ்டர். என் முட்டி போச்சுன்னு சொல்றதுக்காக."

அவர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

"எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கேனேம்மா," என்றார். "நீ எந்தப் பொண்ணு?"

கேட்டதில் நடிப்பு இல்லை, அதுதான் கொடுமை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

"உங்க தங்கச்சி பொண்ணு காலேஜ்ல சேர்ந்த வருஷம்."

"ஓ, அந்த வருஷமா!" மாஸ்டரின் முகம் கடுகடுத்தது. "அவ பேச்சை எடுக்காதே. ரெண்டாம் வருஷமே ஆட்டத்தை விட்டுட்டுப் போயிட்டா. நன்றி கெட்டவ."

இவள் ஏங்கிய இடம் அப்படித்தான் போயிருக்கிறது. ஒருத்தி வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஷூக்கடைக்குச் சிரிப்பதா, அந்த விசிலைப் பிடுங்கி எறிவதா என்று தெரியவில்லை.

"மேடம்," என்றது ஒரு குரல். பெண் படியில் உட்கார்ந்து வலது முட்டியின் உறையை உருவிக்கொண்டிருந்தாள். "என் இடது கால் கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நீ படியில இறங்கி வரும்போதே."

"தெரிஞ்சுதான் குதின்னு சொன்னீங்க."

"ஆமா."

"அப்பா கத்தியிருக்கலன்னா, நீங்க நிறுத்தியிருப்பீங்களா?"

நிறுத்தியிருப்பேன் என்று சொல்லிவிடலாம். யார் கண்டது? ஆனால் பெண் முட்டியை மடக்கிய அந்தக் கணத்தில் தன் வாய் எப்படி இருந்தது என்று ஷூக்கடைக்குத் தெரியும். இறுக மூடியிருந்தது. அவள் பார்வை பெண்ணின் மேல்கூட இல்லை. காலைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவள் அப்போது காலைப் பார்க்கவில்லை, அப்பனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வாய் திறக்கல," என்றாள்.

பெண் தலையை ஆட்டிக்கொண்டாள். அழவில்லை.

ஷூக்கடை அங்கேயே, எல்லோர் எதிரிலும், பெரிய மேடத்துக்கு போன் போட்டாள்.

"மேடம், பொண்ணைப் பார்த்துட்டேன். இடது முட்டி போச்சு. ஆபரேஷன் பண்ணவேண்டியிருக்கும். ஒரு வருஷம் உட்காரவைக்கணும்."

"அப்புறம் எதுக்கு போன் பண்றே? அடுத்தவளைப் பாரு."

"இல்ல மேடம். இவளைத்தான் எடுக்கணும். இன்னிக்கு மொத்த ஆட்டத்தையும் ஒத்தைக் கால்ல ஆடி ஜெயிச்சுக் குடுத்தா. ரெண்டு காலும் இருந்தா என்ன பண்ணுவான்னு நீங்களே பாருங்க."

"உன் பொறுப்பா?"

"என் பொறுப்பு."

"சரி, கூட்டிட்டு வா."

இரக்கப்பட்டுச் செய்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இதுவும் பழிதான். நல்ல கால் இருந்தும் நீ என்னைத் தூக்கி எறிந்தாய், கெட்ட காலோடு உன் மகளை நான் எடுக்கிறேன் பார் என்று அவன் மூஞ்சியில் அடிக்கிற பழி. மாஸ்டருக்கு அடி உறைத்த மாதிரியே தெரியவில்லை. கண் கலங்கி இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம். நான் வாராவாரம் வந்து அவளைப் பார்த்துக்கறேன். பயிற்சியெல்லாம் நானே..."

"வேண்டாம் மாஸ்டர்," என்றாள் மகள்.

"ஆட்டம் முடிஞ்சாச்சுடா. அப்பான்னு கூப்பிடு."

"வேண்டாம் மாஸ்டர். நீங்க அங்க வரவேண்டாம்."

ஷூக்கடையின் மனசுக்குள் ஒரு குழந்தை கைதட்டியது. இதைவிடப் பெரிய தண்டனையை அவளாலேயே யோசித்திருக்க முடியாது. அந்தச் சந்தோஷத்தோடு பெண்ணுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடப் போனாள். பெண் அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை.

"உங்க பொறுப்பும் வேண்டாம் மேடம். சீட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ். காலை டாக்டரும் பிசியோவும் பார்த்துக்கட்டும். நான் இருக்கற பக்கம் நீங்களும் வராதீங்க."

உறையைப் படியிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் வைத்து, மேல் வாசலை நோக்கி ஏறிப் போனாள். தலைமை ஆசிரியையும் பின்னால் போனார். பெற்றோர்கள் மெல்லக் கலைந்தார்கள்.

அரங்கில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். மாஸ்டர் அடிப்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். கையிலிருந்த பழைய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்.

"நல்ல சரக்கு," என்றார். "இப்பல்லாம் இந்த மாதிரி வர்றதில்ல." சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "உட்காரும்மா."

ஷூக்கடை உட்காரவில்லை. பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பை லேசாக இருந்தது, ஆனால் தோள் வலித்தது.

சாயங்காலம் வீட்டுக் கதவு திறந்தபோது புருஷன் வாசலிலேயே நின்றான். லிஃப்ட் கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டான்.

"என்னடி, லிஃப்ட்ல வர்றே? முட்டிக்கு என்ன ஆச்சு?"

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லி அவள் செருப்பைக் கழற்றினாள்.